கட்டையான ஆட்களுக்கு ட்ரெயில் பைக்: மலையகத்தில் வாங்குவதும் உயரம் குறைப்பதும்

தார் ரோட்டிலிருந்து தோட்டத்துக் கல் ரோட்டுக்கு இறங்கி, மேல் கணக்குவரை (தோட்டத்தின் மேல் பிரிவுவரை) ஏறிப் போக வேண்டிய வேலை உள்ளவர்களுக்கு ட்ரெயில் பைக்கைப் போல உதவும் வாகனம் வேறில்லை. பிரச்சினை அதன் உயரம். நான் 5 அடி 1 அங்குலம். ஹட்டன் பக்கத்துத் தோட்டப் பாடசாலைகளுக்குப் போய் வருவது என் வேலை. பைக் பார்க்கப் போன இடமெல்லாம் "உங்களுக்கு ஸ்கூட்டர்தான் சரி மிஸ்" என்று அனுப்பிவிட்டார்கள். ஸ்கூட்டரின் சின்னச் சக்கரம் மழையில் கிளம்பிய கற்களுக்கு நடுவே படும் பாட்டை அந்த ரோட்டில் ஓட்டியவர்கள் அறிவார்கள்.

இப்போது என்னிடம் ட்ரெயில் பைக் இருக்கிறது, தினமும் ஓட்டுகிறேன். இதற்காக நான் அலைந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன். ஒன்றை முதலிலேயே மனதில் வையுங்கள்: வரிசை முக்கியம். முதலில் வாகனப் பத்திரங்கள், அப்புறம் சீட், அப்புறம் ஸ்பிரிங், எல்லாவற்றுக்கும் கடைசியாகத்தான் இரும்பு வேலை. பல கராஜ்களில் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். பைக்கைக் கொண்டுபோய் விட்டதும், பின் ஷொக்கை அசைக்கும் லிங்க் பட்டைகளை மாற்றி, கீழே இறக்கி, காசு வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுகிறார்கள். முடக்குகளில் அந்த பைக் எப்படித் திரும்பும் என்பதை ஓட்டுகிறவர்தான் பின்னால் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

1. முதலில் உங்கள் காலை அளந்துகொள்ளுங்கள்

ஆளின் உயரத்தைவிட உள்கால் அளவுதான் இங்கே கணக்கு. சுவரில் முதுகை ஒட்டி, வெறுங்காலுடன் நில்லுங்கள். ஒரு தடித்த புத்தகத்தை இரு கால்களுக்கு நடுவே சுவரோடு சேர்த்து, சீட்டில் உட்காருவது போல இறுக்கமாக மேலே தள்ளுங்கள். புத்தகத்தின் மேல் விளிம்பிலிருந்து தரைவரை அளவெடுங்கள். எனக்கு 70 செ.மீ. தடித்த அடியுள்ள பூட்ஸ் போட்டால் அதோடு 2 அல்லது 2.5 செ.மீ. கூடும்.

விளம்பரத்தில் போடும் சீட் உயரம் ஆள் ஏறாத பைக்கினுடையது. நீங்கள் ஏறியதும் ஸ்பிரிங் அமுங்கி, ட்ரெயில் பைக் 5 முதல் 8 செ.மீ. வரை கீழே வரும். அதனால் 810 மி.மீ. என்று எழுதியிருக்கும் பைக் உங்கள் காலுக்கு ஏறத்தாழ 745 மி.மீ. தான். அதே நேரம் சீட் அகலமாக இருந்தால் தொடை விரிந்து, காலின் நீளத்தில் கொஞ்சத்தை அது தின்றுவிடும். ஆகவே எண்ணை மட்டும் வைத்துத் தீர்மானிக்காமல், உட்கார்ந்தே பாருங்கள்.

இரண்டு பாதமும் தட்டையாக ஊன்ற வேண்டியதில்லை. இடுப்பைக் கொஞ்சம் இடது பக்கம் நகர்த்தி, இடது பாதத்தின் முன்பாதி உறுதியாகத் தரையில் பட்டால் போதும். வலது கால் பின் பிரேக்கில்தான் இருக்க வேண்டும். ஏற்றத்தில் நின்று கிளம்புகிறவருக்கு அந்தக் காலால் தரையில் வேலை இல்லை.

2. சாரதி அனுமதிப்பத்திரத்தில் எந்த வகுப்பு இருக்கிறது?

100 சி.சி. வரையான மோட்டார் சைக்கிளுக்கு ஏ1, அதற்கு மேல் ஏ. இந்தக் கட்டுரையில் வரும் பைக்குகள் எல்லாமே ஏ வகுப்புக்குள்தான் வரும். ஏ1 மட்டும் வைத்துக்கொண்டு 200 சி.சி. ஓட்டினால் விபத்து நேரத்தில் காப்புறுதியும் கை கொடுக்காது.

புதிதாக எடுப்பவர்கள் தேசிய போக்குவரத்து மருத்துவ நிறுவனத்தின் சான்றிதழோடு தொடங்க வேண்டும். அந்தச் சான்றிதழ் 6 மாதமே செல்லும், அதனால் முன்கூட்டியே எடுத்து வைத்துக் காலாவதியாக விட்டுவிடாதீர்கள். எழுத்துப் பரீட்சையைத் தமிழிலேயே எழுதலாம். அதில் சித்தியடைந்ததும் கிடைக்கும் பயிலுநர் அனுமதி 18 மாதம் செல்லும். செய்முறைப் பரீட்சைக்கு 3 மாதம் காத்திருக்க வேண்டும். இந்த 3 மாதத்தைப் பைக் தேடுவதற்கு வைத்துக்கொள்ளுங்கள், அவசரப்பட்டு வாங்கும் நிலை வராது. பரீட்சையில் எட்டுப் போட வேண்டும். அதற்கு உயரமான ட்ரெயில் பைக்கைக் கொண்டுபோகாமல், சாதாரண 125 சி.சி. பைக் ஒன்றை இரவல் வாங்கிக்கொண்டு போங்கள்.

3. எந்த பைக்?

யமஹா செரோ 225தான் என் முதல் தெரிவு. சீட் சுமார் 810 மி.மீ., எடையும் குறைவு. ஒடுக்கமான சீட் என்பதால் எண்ணில் தெரிவதைவிடக் காலுக்கு இன்னும் தாழ்வாகவே இருக்கும். சுஸுகி ஜெபெல் 200, ஹொண்டா எஸ்.எல். 230 இரண்டும் இதே உயரத்துக்குக் கிட்ட. யமஹா டீ.டபிள்யூ. 200 இன்னும் தாழ்வு, தடித்த டயர், புதியவர்களுக்குப் பயம் போக நல்லது. ஆனால் அந்த டயர் அளவு மலையகத்துக் கடைகளில் சுலபத்தில் கிடைக்காது.

எல்லோரும் ஆசைப்படுவது ஹொண்டா எக்ஸ்.ஆர். 250 பாஹா. இரட்டை விளக்கோடு பார்க்க அழகான வண்டிதான், எஞ்சினும் தங்கம். ஆனால் சீட் 875 மி.மீ. அளவில் இருக்கிறது. 72 செ.மீ. உள்காலுக்குக் குறைந்தவர்கள் இதை முதல் பைக்காக எடுக்க வேண்டாம். கவாசாகி கே.எல்.எக்ஸ். 250க்கும் இதேதான்.

புதிய ரகம் வேண்டுமென்றால் ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 இருக்கிறது. சீட் 825 மி.மீ. அளவு. கார்பரேட்டர் இல்லாத எஃப்.ஐ. (ஃபியூயல் இன்ஜெக்‌ஷன்) எஞ்சின் என்பதால் குளிர்காலையில் சோக் இழுத்து நிற்கத் தேவையில்லை. 150 கிலோவைத் தாண்டும் எடைதான் இதன் குறை. கல் ரோட்டில் சாய்ந்தால் தூக்குவது நீங்கள்தானே, செரோவுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் அப்போது தெரியும்.

எது எடுத்தாலும் செல்ஃப் ஸ்டார்ட் உள்ளதாக எடுங்கள். ஏற்றத்தில் எஞ்சின் நின்றால், எட்டாத காலோடு கிக் அடிக்க முடியாது. இந்த ஒரு விஷயத்தில் விட்டுக்கொடுக்க வேண்டாம்.

பழைய ஜப்பான் பைக்குகளில் கார்பரேட்டரையும் கவனிக்க வேண்டும். நுவரெலியா நகரம் 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்று மெலிது. கொழும்பில் சரிசெய்த பைக் இங்கே வந்தால் பெற்றோல் கூடுதலாகக் கலந்து, கறுப்புப் புகை விட்டு, இழுவையும் குறைந்துபோகும். புகைப் பரிசோதனையில் சித்தியடையாமல் போவதும் இதனால்தான். பரிசோதனைக்கு முன் உங்கள் ஊர் மெக்கானிக்கிடம் கார்பரேட்டரில் பெற்றோல் அளவைத் தீர்மானிக்கும் ஜெட்டைப் பார்க்கச் சொல்லுங்கள்.

4. காசு கொடுக்க முன்: பத்திரங்கள்

வாகன இறக்குமதி 2020 இல் நிறுத்தப்பட்டு 2025 இல்தான் மறுபடி தொடங்கியது. இடைப்பட்ட காலத்தில் பழைய ட்ரெயில் பைக்குகளின் விலை ஏறியது. விலை ஏறியதும், இரண்டு மூன்று வண்டிகளின் உதிரிகளைச் சேர்த்து ஒரு வண்டியாக்கி விற்பவர்களும் பெருகினார்கள். அதனால் இந்தப் பகுதியை மட்டும் அவசரப்படாமல் வாசியுங்கள்.

சீ.ஆர். புத்தகத்தை (வாகனப் பதிவுச் சான்றிதழை) கையில் வாங்கி, ஒவ்வொரு வரியையும் பைக்கோடு ஒப்பிடுங்கள். சேசிஸ் இலக்கம் ஹேண்டில் தண்டின் கழுத்தில் குத்தியிருக்கும். அழுக்கைத் துணியால் துடைத்து, டோர்ச் அடித்துப் பாருங்கள். எழுத்துகள் ஒரே ஆழத்தில், ஒரே வரிசையில் இருக்க வேண்டும். சுற்றிலும் அரம் போட்ட தடமோ புதுப் பெயின்டோ தெரிந்தால் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள். எக்ஸ்.ஆர். 250 பாஹாவின் பிந்திய ரகத்தில் இலக்கம் எம்.டி.30 என்று தொடங்கும். எஞ்சின் இலக்கத்தையும் இப்படியே பாருங்கள். எஞ்சின் மாற்றியிருந்தால் அது சீ.ஆரில் பதிவாகியிருக்க வேண்டும். நிறமும் அப்படித்தான்: புத்தகத்தில் சிவப்பு, நேரில் கறுப்பு என்றால் பொலிஸ் சோதனையில் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்.

அடுத்தது, சீ.ஆரில் முழுமையான உரிமையாளர் என்ற இடம். அங்கே லீசிங் கம்பனியின் பெயர் இருந்தால், கடனை முடித்து விடுவிப்புக் கடிதம் வராமல் ஒரு சதமும் கொடுக்காதீர்கள். "கடைசித் தவணைதான் மிச்சம், கட்டிவிட்டுக் கொடுத்துவிடுகிறேன்" என்பது நான் பல வாயால் கேட்ட வசனம்.

பெரிய பொறி ஓப்பின் பேப்பர். விற்பவர் கையெழுத்து மட்டும் போட்டு, வாங்குபவரின் விபரத்தை வெறுமையாக விட்ட பெயர் மாற்றப் படிவங்கள் கைக்குக் கை மாறி வரும். பதிவிலுள்ள சொந்தக்காரர் இடையில் இறந்துபோயிருக்கலாம், வெளிநாடு போயிருக்கலாம், அவர் கையெழுத்து பழைய கையெழுத்தோடு பொருந்தாமலும் போகலாம். எனக்கு விற்க வந்த ஒருவர் தன் பெயரில் இல்லாத பைக்கைத் தன்னுடையது என்றே பேசினார். புத்தகத்தைக் கேட்ட பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. பதிவிலுள்ள சொந்தக்காரரை நேரில் சந்தித்து, அவருடைய அடையாள அட்டையைப் பார்த்து, உங்கள் முன்னாலேயே எம்.டி.ஏ. 6, எம்.டி.ஏ. 8 என்ற பெயர் மாற்றப் படிவங்களை நிரப்பிக் கையெழுத்து வாங்குங்கள். அவருடைய அடையாள அட்டைப் பிரதியும் உங்களுக்கு வேண்டும். வாங்கிய 14 நாளுக்குள் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் கொடுத்துவிடுங்கள். காசு மிச்சம் பிடிக்கிறேன் என்று பெயர் மாற்றத்தைத் தள்ளிப்போட்டால், பின்னால் நீங்கள் விற்கும்போது இதே தலைவலி உங்களிடம் திரும்பி வரும்.

வருமான அனுமதிப்பத்திரம் வருடா வருடம் புதுப்பிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். நிலுவை இருந்தால் அபராதத்தோடு அதுவும் உங்கள் தலையில்தான் விழும். புதுப்பிக்கக் காப்புறுதியும் புகைப் பரிசோதனைச் சான்றிதழும் வேண்டும். பிரதேச செயலகத்துக்குப் போகும் நாளுக்கு முந்தின நாளே இரண்டையும் முடித்துக்கொண்டால் ஒரே காலையில் வேலை முடியும்.

பைக் உங்கள் பெயருக்கு வரும்வரை அதில் ஒரு ஸ்பானரும் வைக்க வேண்டாம்.

5. சீட்: குறைந்த செலவில் கிடைக்கும் அதிகப் பலன்

குஷன் பாஸிடம் போய் "சீட்டைக் குறையுங்கள்" என்று மட்டும் சொன்னால், மேலிருந்து பஞ்சைச் சீவி எடுத்துவிடுவார். அரை மணி ஓடியதும் சீட்டின் பிளாஸ்டிக் இடுப்பெலும்பில் குத்தும். அப்படிச் செய்ய விடாதீர்கள். நீங்கள் பைக்கில் உட்கார்ந்து, கால் தொங்கும் இடத்தில், அதாவது சீட்டின் முன்பாதியில் இரண்டு பக்க விளிம்பையும் சோக்கட்டியால் கோடு போட்டுக் காட்டுங்கள். அந்த விளிம்புகளைச் சரிவாகச் செதுக்கினாலே கால் நேராகக் கீழே இறங்கும். மேலிருந்து 2 செ.மீ. எடுத்தால் போதும். எடுத்த இடத்துக்கு மேல் கெட்டியான ஃபோம் ஒரு படை ஒட்டச் சொல்லுங்கள். பைக்கின் உயரத்தில் 2 செ.மீ.தான் குறைந்திருக்கும், உங்கள் காலுக்கோ 4 செ.மீ. குறைந்தது போல இருக்கும்.

நம் ஊர் மழையையும் யோசியுங்கள். புது உறையின் தையல் வழியாகத் தண்ணீர் இறங்கி, பஞ்சு குடித்துக்கொள்ளும். வெயில் அடிக்கும் நாளில்கூட உட்கார்ந்ததும் ஈரம் மேலே வரும். உறைக்கும் பஞ்சுக்கும் நடுவே தடித்த பொலிதீன் விரித்துத் தைக்கச் சொல்லுங்கள். மேல்துணி வழுக்காத வகையாக இருக்கட்டும். இறக்கத்தில் பிரேக் பிடிக்கும்போது வழுக்கி டாங்கியில் போய் மோதாமல் இருக்க அது உதவும்.

எனக்கு இதற்கு ஏழாயிரம் ரூபாய்க்குக் கிட்ட முடிந்தது. காலையில் கொடுத்தால் மறுநாள் எடுக்கலாம். பூட்ஸையும் இதே கட்டத்தில் வாங்கிவிடுங்கள், அடுத்த அளவுகளை அதைப் போட்டுக்கொண்டுதான் எடுக்க வேண்டும்.

இவ்வளவோடு கால் போதுமான அளவு ஊன்றினால், ஒரு மாதம் ஓட்டிப் பாருங்கள். பலருக்கு இதற்கு மேல் தேவைப்படாது.

6. ஸ்பிரிங்கைத் தளர்த்துவது

நீங்கள் 50 கிலோ என்றால், 65 அல்லது 70 கிலோ ஆளுக்காக வைத்த ஸ்பிரிங் உங்களுக்கு அமுங்கவே அமுங்காது. பின் ஷொக்கின் மேலுள்ள வளையத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தினால், நீங்கள் ஏறும்போது பைக் கூடுதலாகக் கீழே வரும். இதற்குச் செலவே இல்லை.

அளவு எடுக்க இன்னொருவர் துணை வேண்டும். பின் சக்கரம் தரையில் படாமல் பைக்கை உயர்த்தி, அச்சிலிருந்து மேலே சீட்டுக்குக் கீழ் ஓர் இடம்வரை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பிறகு தலைக்கவசம், பூட்ஸ், முதுகுப்பை எல்லாவற்றோடும் ஏறி உட்கார்ந்து, அதே இரண்டு இடங்களுக்கும் நடுவே திரும்ப அளக்கச் சொல்லுங்கள். சக்கரம் மொத்தமாக மேலும் கீழும் போகக்கூடிய தூரத்தில் மூன்றில் ஒரு பங்கு அமுங்கினால் சரி. அதைத் தாண்டித் தளர்த்தினால் கல் ரோட்டில் ஒவ்வொரு குழியிலும் அடி தட்டும்.

ஸ்பிரிங்கை வெட்டித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் பைக்கை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். வெட்டிய ஸ்பிரிங் கட்டையாவதோடு விறைப்பாகவும் ஆகிவிடும், ஷொக்கில் ஒழுங்காக உட்காரவும் செய்யாது. காஸ் நிரப்பிய ஷொக்கைச் சாதாரண கராஜில் திறக்கவும் விடக்கூடாது.

7. லிங்க், முன் ஃபோர்க், ஸ்டாண்ட்: மூன்றும் ஒரே நாளில்

இன்னும் 2 அல்லது 3 செ.மீ. வேண்டும் என்றால்தான் இதற்கு வாருங்கள். பின் ஷொக்கை அசைக்கும் லிங்க் பட்டைகளைக் கொஞ்சம் நீளமானவையாக மாற்றினால் பைக்கின் பின்பக்கம் கீழே இறங்கும். பட்டையின் நீளம் சில மில்லிமீட்டர் கூடினாலே சீட் அதைவிடப் பல மடங்கு இறங்கும் என்பதால், "ஒரு அங்குலம் கூட்டுவோம்" என்ற பேச்சுக்கே இடம் இல்லை. உங்கள் மொடலுக்கென்று விற்கும் லிங்க் கிடைத்தால் அதையே வாங்குங்கள். கிடைக்காவிட்டால் லேத் பட்டறை. அங்கே இரண்டு பட்டைகளையும் ஒன்றின் மேல் ஒன்று வைத்துக் கவ்வி, ஒரே தடவையில் துளை போடச் சொல்லுங்கள். தனித்தனியாகத் துளைத்தால் அரை மில்லிமீட்டர் வித்தியாசம் வந்தாலும் பெயாரிங் ஒரு பக்கமாகத் தேயும். எனக்கு வேலை செய்த லேத் பாஸ் என்னைக் கூப்பிட்டு, இரண்டு துளைகளிலும் ஒரே கம்பியைச் செருகிக் காட்டினார். "பாருங்க தங்கச்சி, ஆடுதா? ஆடக்கூடாது." அப்படிக் காட்டத் தயங்காத ஆளிடம் கொடுங்கள்.

பின்பக்கம் இறங்கினால் முன்பக்கமும் இறங்க வேண்டும். இல்லாவிட்டால் முன் சக்கரம் விலகி நின்று, பைக் முடக்குகளில் வெளியே வெளியே போகப் பார்க்கும். இரவில் விளக்கு வெளிச்சம் மேட்டுப்பக்க மரத்தில் விழும். ஃபோர்க் குழாய்களைப் பிடித்திருக்கும் கவ்விகளைத் தளர்த்தி, குழாய்களை 15 முதல் 20 மி.மீ. மேலே ஏற்றினால் முன்பக்கம் இறங்கும். இரு பக்கமும் ஒரே அளவா என்று ஸ்கேல் வைத்துப் பாருங்கள். குழாயின் தலை ஹேண்டிலில் முட்டக்கூடாது. ஃபோர்க் முழுதாக அமுங்கும்போது டயரோ மட்கார்டோ கீழ்க் கவ்வியில் இடிக்கக்கூடாது. பின்பக்கத்துக்கும் இது பொருந்தும்: லிங்க் மாற்றிய பைக்கில் பின் டயர் முன்னைவிட மேலே வரும், உள் மட்கார்டில் இடிக்கிறதா என்று ஷொக் ஸ்பிரிங்கைக் கழற்றி, சக்கரத்தைத் தூக்கிப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள முடியும். இந்தச் சோதனையைச் செய்யாமல் எந்த மெக்கானிக்கும் பைக்கைத் திருப்பிக் கொடுக்க விடாதீர்கள்.

மூன்றாவது சைட் ஸ்டாண்ட். பைக் தாழ்ந்ததும் பழைய ஸ்டாண்ட் நீளமாகிப்போகும், பைக் நேராக நிற்கும், சின்னச் சரிவில் மறுபக்கம் விழும். வெட்டி ஒட்டும்போது அடியில் அகலமான இரும்புத் தகடு ஒன்றையும் சேர்த்து வெல்ட் செய்யச் சொல்லுங்கள், சேற்றில் புதையாது. முதலில் கொஞ்சமாக வெட்டி நிறுத்திப் பார்த்து, தேவையானால் மறுபடி வெட்டலாம்.

எனக்கு லேத் வேலை, ஃபோர்க்குக்குப் புது ஒயிலும் சீலும், ஸ்டாண்ட் வெல்டிங், கூலி எல்லாம் சேர்த்து இருபதாயிரத்துக்குச் சற்று மேல் வந்தது. லேத் பட்டறையில் வரிசை இருந்தால் சில நாள் காத்திருக்க வேண்டும். தோட்டச் சம்பள நாளை ஒட்டிய சனி, ஞாயிறுகளில் நகரத்துக் கராஜ்கள் நிரம்பி வழியும், வாரநாளில் போங்கள்.

தாழ்த்திய பைக்கின் வயிறும் தாழ்ந்துவிட்டது என்பதை மறக்காதீர்கள். எஞ்சினுக்கு அடியில் தகடு இல்லாவிட்டால் இப்போதே போடுங்கள். பின்னால் ஆளை ஏற்றுவதாக இருந்தால் ஸ்பிரிங்கைத் திரும்ப இறுக்க வேண்டும்.

8. சரிவில் நிற்பதும் கிளம்புவதும்

இனி மிச்சம் ஓட்டுபவரின் கையில். நம் ரோட்டில் நாம் இடப்பக்கம் போகிறோம். அந்தப் பக்கத்தில்தான் பல இடங்களில் கானும் இருக்கிறது. பஸ்ஸுக்கு வழி விட ஓரத்தில் ஒதுங்கி நிறுத்தும்போது, இடது காலை நீட்டும் இடத்தில் தரை இருக்காது. கட்டையான ஆட்கள் விழுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். நிறுத்த முன்பே, கால் வைக்கப்போகும் இடத்தைக் கண்ணால் தெரிவுசெய்யுங்கள். தார் விளிம்பிலிருந்து ஒன்றரை அடியாவது உள்ளே நிற்கப் பழகுங்கள்.

ஏற்றத்தில் கிளம்பும்போது வலது கால் பிரேக்கில், இடது கால் தரையில், கிளட்ச் பிடிக்கத் தொடங்கி முன்பக்கம் லேசாக எழும்பியதும் பிரேக்கை விடுங்கள். ஆளில்லாத மைதானத்தில், பிறகு ஒரு சின்ன ஏற்றத்தில் இதைச் சலிக்கும்வரை செய்யுங்கள். நிறுத்தி வைக்கும்போது முன் சக்கரம் மேட்டைப் பார்க்க, முதல் கியரில் போட்டு விடுங்கள்.

சரிவில் பைக் விழுந்து சக்கரங்கள் மேட்டுப்பக்கம் இருந்தால், அப்படியே தூக்கப் பார்க்காதீர்கள். முதலில் தரையிலேயே இழுத்துச் சுழற்றி, சக்கரங்கள் பள்ளத்தைப் பார்க்கும்படி திருப்பிவிட்டு, கியரில் போட்டு, முழங்காலை மடக்கித் தூக்குங்கள். பாதிப் பாரம்தான் தெரியும்.

லிங்க் மாற்றிய முதல் வாரம் முடிந்ததும் அந்த நட் போல்ட் எல்லாவற்றையும் ஒரு தடவை இறுக்கிப் பார்த்து, நட்டிலிருந்து பட்டைவரை வெள்ளைப் பெயின்டால் ஒரு கோடு போடுங்கள். கோடு விலகியிருந்தால் நட் தளர்ந்திருக்கிறது என்று ஒரு பார்வையில் தெரியும். செயினின் தளர்ச்சியும் மாறியிருக்கும், நீங்கள் உட்கார்ந்த நிலையில் சரிபாருங்கள். ஹட்டன், மஸ்கெலியா பக்கத்தில் மே மாதம் தென்மேற்கு மழை பிடிக்க முன்னரும், பதுளை, பண்டாரவளைப் பக்கத்தில் ஒக்டோபருக்கு முன்னரும், லிங்க் பெயாரிங்குகளைக் கழற்றிக் கழுவி, கிறீஸ் போட்டு விடுங்கள்.